அத்தை வீட்டில் தங்கிய தம்பி: அரசு எதைக் 'குடும்பம்' என்கிறது?

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் முதலாமாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். "அக்கா, எங்க சித்தப்பா பையன் வேலைக்காக எங்க வீட்டுல வந்து தங்கியிருக்கான். அவன் பேரை எங்க ரேஷன் கார்டுல சேக்கலாமா?" நான் உடனே பதில் சொல்லவில்லை. "சேக்காதே" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் என்ன காரணம் சொல்வது என்று யோசித்தேன். அதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2018 தொடக்கத்தில் என் தம்பிக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். ஒப்பந்தத் தொழிலாளி, பிடித்தம் போகக் கையில் 11,000 ரூபாய். எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். தினமும் போய்வர முடியாது. கம்பெனிக்குப் பக்கத்துச் சிறுநகரத்தில் அறை தேடினான். முதல் வீட்டுக்காரர் "பேச்சிலருக்குத் தர்றதில்ல" என்றார். இரண்டாவது வீட்டில் முன்பணம் வரைக்கும் பேசினார்கள். அப்புறம் அந்த அம்மா, "உங்க ஊர்ல நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டார். தோழர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. தம்பி தெருவின் பெயரைச் சொன்னான். "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார்கள். அந்தப் போன் வரவேயில்லை. மூன்றாவது வீட்டில் "சைவம் மட்டும்" என்று போர்டே தொங்கியது.

கடைசியில் கம்பெனியிலிருந்து 7 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனியில், எங்கள் அத்தை வீட்டுக்குப் போனான். ஓலைக் கூரை, அதன்மேல் தார்ப்பாய், மண்சுவர், ஒரே அறை, வெளியே ஒரு சாய்ப்பு. அந்த வீட்டில் அத்தை, மாமா, பள்ளிக்கூடம் போகும் மகள், மாமாவின் சின்னம்மா என்று நாலு பேர். அந்தச் சின்னம்மாவை நாங்கள் எல்லோரும் ஆயா என்போம். பிள்ளையில்லாத விதவை. தம்பி ஐந்தாவது ஆளாகச் சாய்ப்பில் படுத்தான். "நம்ம புள்ள எதுக்குக் கண்டவன் வாசல்ல போயி நிக்கணும்? இங்க இருக்கறத அஞ்சு பேரா சாப்டா ஆச்சு" என்று அத்தை சொன்னதாக அவன் போனில் சொன்னான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாதம் 3,000 ரூபாய் அத்தையிடம் கொடுத்தான். 4,000 ரூபாய் ஊருக்கு வரும். அதில் அவன் டிப்ளமோ படிக்க வாங்கிய கடனுக்குப் பாதி போகும். மிச்சம் பஸ், செல்போன், ஷூ, டீ. அத்தை வாங்கும் 3,000-இல் அவன் சாப்பாட்டுக்கே 2,000 ஆகிவிடும். ஆக, அவன் வந்ததால் அந்த வீட்டுக்கு மாதம் மிஞ்சியது சுமார் 1,000 ரூபாய். இந்த 1,000-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் நான் ஒரு வேலை செய்தேன். எம்.ஏ. சமூகவியல் முடித்து, களப்பணிக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊர் மக்களுக்கெல்லாம் மனு எழுதித் தருபவள். தம்பிக்கு வங்கிக் கணக்குக்கும் லைசென்சுக்கும் உள்ளூர் முகவரி வேண்டியிருந்தது. அப்பா அட்டையிலிருந்து அவன் பெயரை நீக்கி, அத்தையின் குடும்ப அட்டையில் சேர்க்க நானே விண்ணப்பித்தேன். ஆள் கூடினால் அரிசியும் கூடுமே என்றும் கணக்குப் போட்டேன். அத்தைக்கு நல்லது செய்துவிட்டதாகவே நம்பினேன்.

வீடு போனது

அந்த ஆண்டு இறுதியில் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துக்கான கணக்கெடுப்பு காலனிக்கு வந்தது. அந்தத் திட்டம் முதலில் 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பின் பட்டியலை வைத்து நடந்தது. அதில் விடுபட்டவர்களைச் சேர்க்க 2018 ஜனவரியிலிருந்து 2019 மார்ச் வரை 'ஆவாஸ் பிளஸ்' என்ற கணக்கெடுப்பு நடந்தது. அத்தை வீடு 2011-இல் விடுபட்டிருந்தது. ஓலை வீடு, சொந்தப் பட்டா, பட்டியல் சாதி. கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அந்தத் திட்டத்தில் விலக்கு நிபந்தனைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. அப்போது அது வண்டி, டிராக்டர், ஃபிரிட்ஜ், அரசு வேலை, வருமான வரி என்று போனது. அதில் ஒன்று: வீட்டில் உள்ள யாராவது ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் அந்த வீட்டுக்குக் கிடையாது என்றிருந்தது. கவனியுங்கள், வீட்டு வருமானம் மொத்தமாக எவ்வளவு என்பதல்ல கேள்வி. ஒரே ஒரு ஆள் போதும்.

கணக்கெடுக்க வந்த பெண், வீட்டில் யார் யார், என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். அத்தை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். மாமா கொத்து வேலைக்குச் சித்தாளாகப் போகிறார், நான் நூறு நாள் வேலை, பொண்ணு படிக்குது, ஆயா பென்ஷன். கடைசியாக, "எங்க அண்ணன் மகன். கம்பெனியில வேல. பதினோராயிரம் சம்பளம்." அத்தை அதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வகையறாவில் பேன்ட் சட்டை போட்டு, அடையாள அட்டை மாட்டி, கம்பெனி பஸ்ஸில் ஏறிய முதல் ஆள் அவன். அவனைப் பற்றிச் சொல்லும்போது அத்தை குரல் மாறும்.

அந்தப் பெருமைக்கு விலை ஒரு வீடு. பட்டியல் வந்தபோது பெயர் இல்லை. விசாரித்ததில், 10,000-க்கு மேல் சம்பாதிப்பவர் வீட்டில் இருப்பதாகப் பதிவாகியிருந்தது.

அந்தக் கணக்கெடுப்புப் பெண் மீது எனக்குக் கோபம் இல்லை. விதிப்படி அவர் செய்தது சரி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும், ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே இல்லம்தான். தம்பி அத்தை அடுப்பில்தான் சாப்பிட்டான். அட்டையிலும் பெயர் இருந்தது. அதை ஏற்றியவள் நான்.

இப்போது அந்த 1,000 ரூபாயை எடுங்கள். அந்தத் திட்டத்தில் சமவெளிப் பகுதி வீட்டுக்கான அடிப்படைத் தொகை 1,20,000 ரூபாய். தம்பி மூலம் அத்தைக்கு மாதம் மிஞ்சியது 1,000. இழந்ததை ஈடுகட்ட அவன் 120 மாதம், அதாவது பத்து வருடம் அந்தச் சாய்ப்பில் படுத்திருக்க வேண்டும்.

ஆயாவின் பென்ஷன்

2019-இல் முதியோர் உதவித்தொகை மறுஆய்வு நடந்தது. வந்தவர் குடும்ப அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "வீட்டுல கம்பெனி வேலைக்குப் போற பையன் இருக்கானே, அப்புறம் என்னா ஆதரவற்றவங்க?" என்றாராம். அடுத்த மாதம் ஆயாவுக்கு 1,000 ரூபாய் வரவில்லை.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-லிருந்து இருக்கிறது. 2011-இல்தான் 500 ரூபாய் 1,000 ஆனது. 2023-இல் 1,200 ஆனது. இதில் ஒன்றிய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வெறும் 200 ரூபாய். மிச்சமெல்லாம் மாநிலம் போடுவது. இவ்வளவு நாள் வந்த ஒரு திட்டத்தின் உயிர் 'ஆதரவற்றவர்' என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு யார் என்ன பொருள் கொள்கிறார்கள் என்பதில்தான் ஆயாவின் வெற்றிலைபாக்கும் ரத்த அழுத்த மாத்திரையும் அடங்கியிருந்தன.

ஆயாவுக்கு என் தம்பி யார்? அவருடைய அக்கா மகனின் மனைவியின் அண்ணன் மகன். இந்த உறவுக்குத் தமிழில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியவில்லை. 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிள்ளையில்லாத முதியவரைக் காப்பாற்றும் கடமையை யாருக்குத் தருகிறது தெரியுமா? அவருடைய சொத்தை வைத்திருக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் வாரிசுக்கு. ஆயாவிடம் இருந்த சொத்து ஒரு டிரங்குப் பெட்டி. அதற்கும் தம்பி வாரிசு இல்லை. சட்டப்படி அவரைப் பார்த்துக்கொள்ளும் கடமை துளியும் இல்லாத ஒருவனின் சம்பளத்தைக் காட்டி, அவரை ஆதரவு உள்ளவர் ஆக்கிவிட்டார்கள். மனுவில் இதைத்தான் எழுதினேன். தாலுகா அலுவலகத்துக்கு நாலு தடவை, ஆட்சியர் குறைதீர் நாளுக்கு இரண்டு தடவை நடந்தோம். ஏழு மாதம் கழித்துப் பணம் மறுபடி வந்தது. நிலுவை வரவில்லை.

அந்த ஏழு மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். ஆயா இரவுச் சாப்பாட்டைக் குறைத்தார். "பசிக்கல" என்பார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தம்பியோடு பேசுவது குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள், "உன் அண்ணன் மகன் வந்தான், வூடும் போச்சு, பென்ஷனும் போச்சு" என்று அத்தை காதுபடவே பேசினார்கள். தம்பி பையைக் கட்டிவிட்டான். கம்பெனி பக்கம் ஒரு அறையில் ஒன்பது பேரோடு பத்தாவதாக இடம் பேசிவிட்டான். நானும் போன் போட்டு, "அதுதான் சரி அத்தை, அவன் போகட்டும். பேரை நீக்கிடலாம்" என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "சோறு போட்டது தப்பா பாப்பா?"

என்னிடம் பதில் இல்லை. தம்பியை அவர் போகவிடவில்லை. 2020 ஊரடங்கில் கம்பெனி மூடி, ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குச் சம்பளம் இல்லாமல் போனபோது, இரண்டு மாதம் அவனுக்குக் காசில்லாமல் சோறு போட்டதும் அத்தைதான். அந்த இரண்டு மாதம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சம்பளம் வந்தபோது அவனைக் குடும்பத்தில் சேர்த்த அரசு, சம்பளம் நின்றபோது ஒரு வாய் கூடியிருக்கிறது என்று கணக்கில் சேர்க்கவில்லை.

நாலு திட்டம், நாலு குடும்பம்

என் படிப்பில் 'குடும்பம்' வேறு, 'இல்லம்' வேறு என்று ஒரு தாள் முழுக்கப் படித்தோம். ஏ.எம். ஷா 1973-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ரத்த உறவாலும் திருமணத்தாலும் ஆவது குடும்பம். ஒன்றாகத் தங்கி ஒன்றாகச் சாப்பிடுவது இல்லம். இரண்டையும் குழப்பினால் இந்தியச் சமூகத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவர் வாதம். தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அத்தை அட்டையில் தம்பி பெயரைச் சேர்க்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

பிறகுதான் உட்கார்ந்து ஒவ்வொரு திட்டத்தையும் படித்தேன். ஒவ்வொன்றிலும் குடும்பம் வேறு ஒன்றாக இருக்கிறது.

வீட்டுத் திட்டத்துக்கு, ஒரே அடுப்பு. அங்கே தங்குபவரின் சம்பளம் நேராக அடிக்கிறது.

நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ரத்தம், திருமணம், தத்து ஆகியவற்றால் உறவாகி, ஒன்றாக வசித்து, ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் அல்லது ஒரே குடும்ப அட்டை வைத்திருப்பவர்கள். உறவே இல்லாத ஒருவர் தங்கினால் இதில் வரமாட்டார். உறவுக்காரப் பையன் என்றால் வந்துவிடுவான். நூறு நாளும் மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் என்று இருந்ததால் அவன் பெயர் ஏறினால் பங்கு போடவேண்டியிருந்தது.

2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு, குடும்ப அட்டைதான் குடும்பம். ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாமா சித்தாள் கூலி, அத்தையின் நூறு நாள் கூலி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 தாண்டாது. ஆனால் தம்பி சம்பளம் அப்போது 16,000, வருடத்துக்கு 1,92,000. இரண்டையும் கூட்டினால் 2,82,000. அத்தை மனு தள்ளுபடி. ஆயா 2021-இல் இறந்துவிட்டார். ஊரில் சொந்தமாக நிலமும் மாடி வீடும் உள்ளவர்கள் அண்ணன் தம்பிக்கு ஒன்றாக அட்டையைப் பிரித்து வைத்து, வீட்டுக்கு இரண்டு பேர் வாங்குகிறார்கள். எங்கள் அத்தைக்கு ஒன்றும் இல்லை. அந்த வருடம் தம்பி ஓசூருக்கு வேலை மாறிப் போய்விட்டான். அவன் பெயரை நீக்கி, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்து, அதற்கப்புறம் கிடைத்தது.

நாலாவது, கல்வி உதவித்தொகை. இதில்தான் நாங்கள் ஜெயித்தோம். அத்தை மகள் கல்லூரியில் சேர்ந்தபோது பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும். உச்சவரம்பு 2,50,000. சான்று கேட்கப் போனால், "வீட்டுல சம்பாதிக்கற எல்லாரையும் போடு" என்றார்கள். அதற்குள் நான் வழிகாட்டு நெறிமுறையைப் படித்திருந்தேன். தாய் தந்தையில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை பெற்றோர் வருமானத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். வீட்டில் வேறு யார் சம்பாதித்தாலும் சேர்க்கக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். சான்று வந்தது. இன்று அவள் மூன்றாமாண்டு படிக்கிறாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தனை அலைச்சலிலும் ஒரே ஒரு இடத்தில் தம்பியின் சம்பளத்தை யாரும் கேட்கவில்லை: ரேஷன் கடை. 1997-இல் ஒன்றிய அரசு ஏழைக்குத் தனி, மற்றவருக்குத் தனி என்று பொது விநியோகத்தைப் பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. 2011-லிருந்து அரிசி இலவசம். பொதுவாகக் கொடுக்கும் திட்டத்தில் ஒரு வாய் கூடினால் அரிசி கூடுகிறது. சலித்துக் கொடுக்கும் திட்டத்தில் ஒரு வாய் கூடினால் உரிமையே போகிறது. "எல்லோருக்கும் கொடுத்தால் வசதியானவனும் வாங்குவானே" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் எங்கள் அத்தை.

வேறு நாட்டில் நடந்தது

இது நமக்கு மட்டும் நடப்பதல்ல. பிரிட்டனில் 1931-இல், வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு வீட்டு வருமானச் சோதனை கொண்டுவந்தார்கள். வீட்டில் வேறு யாருக்கு வருமானம் வந்தாலும் வேலையில்லாதவரின் உதவித்தொகை குறையும். மகனோடு வாழ்ந்த கிழவரின் பென்ஷன்கூட, அவர் அந்த வீட்டில் 'தங்குபவர்' என்று கணக்காகி, மகனின் தொகையை வெட்டியது. அதனால் வயதானவர்கள் பிள்ளைகள் வீட்டை விட்டு வாடகை அறைகளுக்குப் போக நேர்ந்ததை ஜார்ஜ் ஆர்வெல் 1937-இல் வந்த தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களை உடைத்த விதி என்று அந்தச் சோதனையின் மீது அங்கே பல ஆண்டுகள் கோபம் இருந்தது.

இன்று அங்கே, யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவி வாங்கும் ஒருவர், உறவில்லாத ஒருவரை வாடகைக்குத் தங்கவைத்தால், அந்த வாடகையை வருமானமாகக் கணக்கிடுவதில்லை. பழைய வீட்டு உதவித்தொகையில், தங்குபவர் தருவதில் வாரம் 20 பவுண்டை விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் பார்ப்பார்கள். சாப்பாடும் போட்டால் அந்த மிச்சத்திலும் பாதியை விட்டுவிடுவார்கள், சோற்றுக்கும் செலவாகும் என்பதால். உறவுக்காரர் தங்கினால் அங்கேயும் வேறு விதி, வெட்டும் உண்டு. பிரிட்டனைப் புகழ இதைச் சொல்லவில்லை. தங்குபவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது ஒன்று, அவர் அந்த வீட்டுக்கு எவ்வளவு தருகிறார் என்பது வேறொன்று என்று ஒரு சட்டத்தில் எழுத முடியும். அதற்காகச் சொல்கிறேன். தம்பி சம்பாதித்தது 11,000. தந்தது 3,000. வீட்டுக்கு மிஞ்சியது 1,000. நம் படிவத்தில் முதல் எண்ணுக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது.

இது சாதிக் கேள்விதான்

இதில் சாதி எங்கே வந்தது என்று ஒரு நண்பர் கேட்டார். ஏழை வீடு எல்லாவற்றுக்கும் இதே விதிதானே என்றார்.

விதி ஒன்றுதான். ஆனால் யார் வீட்டில் யார் வந்து தங்குகிறார்கள்? தம்பியோடு வேலைக்குச் சேர்ந்த மற்ற சாதிப் பையன்கள் நாலு நாளில் அறை எடுத்துவிட்டார்கள். அவர்கள் சம்பளம் அவர்களோடு. அவர்கள் அத்தை வீட்டு உரிமை அவர்கள் அத்தையோடு. நம் பையனுக்கு ஊருக்குள் கதவு சாத்தியதால்தான் அவன் காலனிக்கு வந்தான். வாடகை வீட்டுச் சந்தையில் தலித்துகளும் முஸ்லிம்களும் எப்படித் தட்டிக்கழிக்கப்படுகிறார்கள் என்று தில்லி சுற்றுவட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2015-இல் வந்தது. போனில் கேட்டும் நேரில் போயும் சோதித்தார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடை, உணவகம், தங்கும் விடுதி, பொதுக் கிணறு என்று பெயர் சொல்லித் தடுக்கிறது. வாடகை வீட்டைச் சொல்லவில்லை.

அண்ணல் அம்பேத்கரே ஒரு காலத்தில் வேலைக்குப் போய் அறை தேடியவர்தான். 1917-இல், கொலம்பியாவில் படித்துவிட்டு, பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாளில் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. வேலையை விட்டு பம்பாய்க்குத் திரும்பினார். அவருக்கு அங்கே போய்த் தங்க ஒரு அத்தை வீடு இல்லை. என் தம்பிக்கு இருந்தது. ஊர்க்காரர்கள் சாத்திய கதவின் செலவை அந்த அத்தையின் கணக்கில் அரசு எழுதியது. நான் சொல்லவருவது இவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலில், எந்தத் திட்டத்துக்கு மனு எழுதினாலும், இதில் குடும்பம் என்றால் யார் என்று தேடுங்கள். அட்டையா, அடுப்பா, பெற்றோரா, மனுதாரர் மட்டுமா? விதியில் அது எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாவது, வேலைக்காக வந்து தங்குபவரின் பெயரை அவசரப்பட்டு அட்டையில் ஏற்றாதீர்கள். அவருடைய அட்டை அவர் ஊரிலேயே இருக்கட்டும். இது பொய் சொல்வது ஆகாது. அவர் அந்தக் குடும்பத்தில் தங்குபவர் என்பதுதான் உண்மை. கணக்கெடுக்க வருபவரிடமும் அதையே சொல்லுங்கள்: இவர் வேலைக்காகத் தங்கியிருக்கிறார், இவர் குடும்பம் இன்ன ஊரில், எங்களுக்கு மாதம் இவ்வளவு தருகிறார். முடிந்தால் ஒரு நோட்டில் மாதாமாதம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாவது, படிப்பு உதவித்தொகைக்கு வருமானச் சான்று கேட்டால் பெற்றோர் வருமானம் மட்டும். நெறிமுறையின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, எது மறுக்கப்பட்டாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். வாய்மொழியாக "உங்களுக்குக் கிடையாது" என்று சொன்னதை நம்பித் திரும்பியவர்கள்தான் நம்மில் அதிகம்.

அதோடு கோரிக்கையும் வேண்டும். தங்குபவரின் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காதே, அவர் தருவதை மட்டும் பார் என்று படிவத்தை மாற்றச் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு 'தோழி' விடுதிகள் நடத்துகிறது. அவற்றைப் பெருக்க வேண்டும். ஒப்பந்த வேலை செய்யும் ஆண்களுக்கும் விடுதி வேண்டும். வீடு வாடகைக்குத் தருவதில் சாதி பார்ப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வேண்டும்.

வீட்டுத் திட்டத்தின் 10,000 ரூபாய் வரம்பை 2024-இல் 15,000 ஆக்கியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் விதி அதேதான். எண் மட்டும் மாறியிருக்கிறது. மாநில அரசின் கனவு இல்லம் திட்டத்துக்கு அத்தை பெயரில் மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. போன மழையில் கூரையின் தெற்குப் பக்கம் இறங்கிவிட்டது. தம்பி ஓசூரிலிருந்து வந்து புதுத் தார்ப்பாய் போட்டான்.

அவன் படுத்த சாய்ப்பில் இப்போது வேறு ஒரு பையன் இருக்கிறான். மாமாவின் தங்கை மகன், அதே கம்பெனி. "அட்டையில பேரு சேக்கல பாப்பா, நீ சொன்ன மாதிரியே" என்று அத்தை என்னிடம் சொன்னார். கணக்கெடுக்க யாராவது வந்தால் என்ன சொல்வது என்றும் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். "பதினாலாயிரம்" என்றார். குரல் அதே மாதிரிதான் மாறியது.

ஜெய் பீம்.